ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை

அந்த நாற்காலில வேண்டாங்கண்ணா. அது பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறதுக்கு, முதுகு நிமுந்தே இருக்கோணும், கொஞ்ச நேரத்துல இடுப்பு வலிச்சுப் போயிரும். இந்த சோபாவுல உக்காருங்க. வீட்ல அம்மாவும் பாப்பாவும் கல்யாணப் பட்டு எடுக்கப் போயிருக்கறாங்கன்னு சொன்னீங்கல்ல, அப்படின்னா சாயங்காலம் ஆயிருமுங்க. அவசரமே படாதீங்க. ஆல்பமெல்லாம் எடுத்து வெக்கறேன், நிதானமாப் பாருங்க. எனக்கும் வேலை ஒண்ணும் இல்லீங்க. ஆடி மாசம் பாருங்க.

ஆடியில கடையத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கற என்னைய இந்தக் கோபியில யாரும் பாத்திருக்க மாட்டாங்க. யார வேண்ணாலும் கேட்டுப் பாருங்க. ஈஸ்வரமூர்த்தியா, ஆடி பொறந்தா ஆளு வெளிநாடுன்னு சொல்லுவாங்க. இந்தச் செவுத்துல மாட்டியிருக்கறது பூரா நான் எடுத்ததுதானுங்க. அது துருக்கி, பலூன் பறக்குதுல்ல. அது ஜார்ஜியா. அது வியட்நாம்ல ஒரு சந்தை. அந்தப் பெரிய படம், குதிரை நிக்குதுல்லீங்க, அது கிர்கிஸ்தான். அதப்பத்தி சொல்றேன் இருங்க. எங்க போட்டோக்காரங்க சங்கத்துல போட்டி வெச்சாங்க, அதுக்குத்தான் மொதப் பரிசு.

எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதானுங்க. கல்யாணப் போட்டோ எடுக்கற தொழிலு, லீவே கெடையாது, நீங்க எப்படிங்க உலகம் பூரா சுத்துறீங்க, ரெண்டையும் எப்படி சமாளிக்கறீங்கன்னு. யூடியூப்காரங்க வந்து பேட்டி எடுத்தப்பவும் இதத்தான் கேட்டாங்க. இதுல சமாளிக்கறதுக்கு என்னங்க இருக்குது. தை, மாசி, பங்குனில இருந்து ஆனி வரைக்கும் மொகூர்த்தம். ஆடியில ஒண்ணும் கெடையாது. அப்பறம் ஆவணி, ஐப்பசி, கார்த்திகை. மார்கழியில மறுபடியும் கெடையாது. கடவுளே பாத்து கல்யாணப் போட்டோக்காரனுக்கு லீவு போட்டுக் குடுத்திருக்கறாரு, நீங்க ஏஞ்சாமி உக்காந்து யோசிக்கறீங்கன்னு சொன்னேன். அந்த வீடியோவ நெறையப் பேரு பாத்திருக்கறாங்க. எங்க தொழில் ஆளுக கொஞ்சப் பேரு அதப் பாத்துத்தான் பாஸ்போர்ட்டே எடுத்தாங்க.

இந்த ஆல்பத்தப் பாருங்க. போன வைகாசில பண்ணுனது. இதுல கைகோர்வை எடுத்திருக்கறதப் பாருங்க, பொண்ணு கையும் மாப்பிள்ளை கையும் மட்டும். மூஞ்சி வேண்டியதே இல்லீங்க.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள எப்ப எடுக்கோணும்னு எனக்குத் தெரியும். பொண்ணப் பெத்தவங்க தாலி கட்டறப்ப அழுகறதில்லீங்க. புதுசா வர்ற பசங்க அப்பத்தான் அப்பா மூஞ்சிக்கு கேமராவத் திருப்புவானுக, ஒண்ணும் கெடைக்காது. அப்ப அவருக்கு ஆயிரம் வேலை. ஒருபக்கம் சீர் செய்யற அருமைக்காரர் கூப்பிடுவாரு, ஒருபக்கம் சமையல்காரர் கூப்பிடுவாரு, ஒறம்பரை வேற வந்துட்டே இருக்கும். எல்லாம் முடிஞ்சு கடைசிப் பந்தியில உக்காருவாரு பாருங்க. எலையில தண்ணி தெளிக்கறப்ப, பாப்பா சாப்பிட்டுச்சான்னு கேக்கறதுக்கு வாய் வரைக்கும் வரும். பாப்பா அங்க இருக்காது, மாப்பிள்ளை வீட்டு வேன்ல ஏறியிருக்கும். அப்பத்தானுங்க. சாம்பார் ஊத்தறவன் வாளியோட நிப்பான், இவரு ஊத்துன்னும் சொல்ல மாட்டாரு, வேண்டாம்னும் சொல்ல மாட்டாரு. நான் தூணுக்குப் பின்னால நின்னுக்குவேன். ஒரு சத்தம் வராம எடுத்துக்குவேன். ஆல்பம் குடுக்கறப்ப எல்லா வீட்லயும் அந்தப் பக்கத்துலதான் நின்னுருவாங்க.

எனக்கும் ஒரே பொண்ணுதானுங்க. தாரணி. பெங்களூர்ல வேலை. கல்யாணம் ஆயிருச்சு. ஆமாங்க, போன வருசம். நல்லா இருக்கறாங்க. போட்டோவா? இருங்க, காட்டறேன்.

அவ கல்யாணத்தச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆடி மாசத்துல நடந்துச்சுங்க. ஆடியில. கல்யாணப் போட்டோக்காரன் வீட்டுக் கல்யாணம், ஆடியில. எங்க ஆளுக காதுக்கு வந்தப்ப, மூர்த்தி அண்ணன் வெளையாடறாருன்னுதான் நெனச்சாங்க. இத்தன வருசத்துல நான் ஆடியில ஒரு கல்யாணம் எடுத்ததில்ல, பாத்ததில்ல, கேள்விப்பட்டதும் இல்லீங்க. அவளுக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். சின்னப் பிள்ளைல மத்த பிள்ளைக நாள்காட்டியில செவப்புத் தேதி பாக்கும், ஸ்கூல் லீவு எப்பன்னு. இவ சுபமுகூர்த்த நாள்னு எங்க போட்டிருக்குதுன்னு பாப்பா. பாத்துட்டு அந்தத் தாள மட்டும் கிழிச்சு ஒளிச்சு வெச்சுக்குவா. அவ்வளவு குறும்பு. ஒரு தைமாசம் பாதித் தாளக் காணோம். நான் வேற நாள்காட்டி வாங்கிட்டு வந்து அவளுக்கு எட்டாத ஒசரத்துல மாட்டுனேன். இப்பவும் பாருங்க, நம்ம கடைல அது ஒசரத்துலதான் இருக்குது. பழக்கமாப் போச்சு.

போன வருசம் வைகாசில ஒரு கல்யாணம், சத்தியமங்கலத்துல. இவ ரெண்டு நாள் லீவுல வந்திருந்தா. உங்ககூட பேசோணும்ப்பான்னா. வா கண்ணு, மண்டபத்துக்கு வா, வேலை முடிஞ்சதும் பேசலாம்னு கூட்டீட்டுப் போனேன். காலைல இருந்து ஓரமா நாற்காலில உக்காந்திருந்தா. எனக்கு எங்க நேரம். கடைசிப் பந்தில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். அப்பத்தான் சொன்னா. கூட வேலை பாக்கற பையன், பேரு அஜின், நாகர்கோயில் பக்கம், கிறிஸ்டியன்.

நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கம் எத்தன அப்பன் அதுக்கு மேல சோறு திம்பான்? நான் அப்பளத்த நொறுக்கிப் போட்டுக்கிட்டு, நல்ல பையனா கண்ணு, அவ்வளவுதான் எனக்கு வேணும்னு சொன்னேன். ஆமாங்க. மறுபேச்சே பேசலீங்க. நான் சர்ச்சுலயும் படுத்துத் தூங்கியிருக்கறேன், மசூதி வாசல்லயும் படுத்துத் தூங்கியிருக்கறேன். ஊரு சுத்தறவனுக்கு மனசு பெருசாயிருமுங்க. எனக்கு அதுல ஒரு பெருமைதான்.

"அவங்க வீட்ல ஒத்துக்கலப்பா. அவங்க சைடுல யாரும் வர மாட்டாங்க. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வெச்சுக்கறோம். நீங்களும் அம்மாவும் இருந்தாப் போதும்" அப்படின்னா.

"எப்ப?" னு கேட்டேன்.

"ஆடியில."

நான் சிரிச்சுட்டனுங்க. பக்கத்து எலைல இருந்தவரும் சேந்து சிரிச்சுட்டாரு. "ஆடியில எவங்கண்ணு கல்யாணம் வெப்பான்? ஆடியில நான் கிர்கிஸ்தான்ல இருப்பேன். டிக்கெட் போட்டாச்சு. ஆவணில வெச்சுக்க" ன்னேன்.

"ஆவணில உங்களுக்கு நாள் இருக்குதாப்பா?"

"எனக்கு ஏது நாளு. உனக்கு இல்லாததா, பாத்துக்கலாம்."

"சரிங்கப்பா" ன்னு எலைய மடிச்சுட்டா. பாயசம் இன்னும் வரவே இல்லீங்க. இந்த மண்டபத்துல பாயசம் நல்லா இருக்கும் கண்ணு, அதுக்குள்ள மடிச்சுட்டயேன்னு சொன்னேன். பரவால்லப்பான்னு எந்திரிச்சுப் போய்ட்டா. நான் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டுத்தான் வந்தேன்.

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுதுன்னுதான் நான் நெனச்சேன். நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? சரிங்கப்பான்னா சரிதானுங்க?

கிளம்பறதுக்கு முன்னால என்ற சம்சாரம், வசந்தாமணி, பெட்டி கட்டறப்ப சொன்னா. "ஆடி நோம்பி கழிச்சு வர்ற திங்கக்கெழமை ஆபீஸ்ல தேதி குடுத்திருக்கறாங்களாம். இந்த ஒரு தடவ இருந்துக்கலாமில்லீங்க." நான் எடுத்துச் சொன்னேன். அஞ்சு பேரு சேந்து போறோம், மத்த நாலு பேரும் எனக்குப் பின்னால வர்றவனுக, நான் போகலைன்னா எல்லாரும் நின்னுருவாங்க. அது கையெழுத்துதான போடறாங்க, போடட்டும், கல்யாணம் ஆவணில நான் பண்ணி வெக்கறேன், ட்ரோன், கிரேன், எல்ஈடி திரை, ஒண்ணையும் விட மாட்டேன்னு. அவ பெட்டியோட ஜிப்ப இழுத்து மூடுனா. அவ எப்பவுமே எச்சாப் பேச மாட்டாளுங்க. அவளையும் ஒரு தடவ கூட்டீட்டுப் போகலாம்னு எனக்கும் ஆசைதான். அவளுக்கு பஸ்சுல பவானி போறதுக்கே வாந்தி வருமுங்க.

கிர்கிஸ்தான்ல மலைக்கு மேல ஒரு ஏரி இருக்குதுங்க. குதிரைலதான் போகோணும். கம்பளியில கூடாரம் கட்டித் தங்கியிருப்பாங்க. சனம் ரொம்ப நல்ல சனம். போன் எடுக்காது. எடுக்காதுங்கறதே ஒரு நிம்மதிதானுங்க, கல்யாண சீசன் பூரா காதுல வெச்ச கை எடுக்காதவனுக்கு. அங்க இருந்து எறங்கி ரோட்டுக்கு வந்தோம். டீக்கடை மாதிரி ஒண்ணு. பாக்கெட்டுல போனு டிங்கு டிங்குன்னு அடிக்குது. எடுத்துப் பாத்தா வசந்தாமணி போட்டோ அனுப்பியிருக்கறா.

இதோ, இதுதானுங்க. மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க.

மொதல்ல என்ற கண்ணுக்குப் பட்டது ஜன்னலுங்க. ஆளுகளுக்குப் பின்னால ஜன்னல வெச்சு எடுத்திருக்கறான் எவனோ. வெளிச்சம் பூரா பின்னால, மூஞ்சி பூரா இருட்டு. மாப்பிள்ளையோட கூட்டாளி எடுத்தானாம். தலைக்கு மேல பாருங்க, பேன் எறக்கை. காலு பாருங்க, பாதத்தோட வெட்டிட்டான். என்ற பொண்ணு கல்யாணப் போட்டோவுல பாதம் இல்லீங்க. ரெண்டடி முன்னால வந்து சைடுல திருப்பியிருந்தா எவ்வளவு நல்லா வந்திருக்கும்.

கூட வந்தவனுக எட்டிப் பாத்துட்டு, அண்ணா, பாப்பாவுக்குக் கல்யாணமான்னு கையக் குலுக்கறானுக. கடைக்காரம்மா குதிரைப்பால் புளிக்க வெச்சது ஒரு கிண்ணத்துல கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சேன். உங்களுக்கு எப்படிண்ணா இருக்குதுன்னு ஒருத்தன் கேட்டான். ஒண்ணும் தோணலீங்க. மெய்யாலுமே ஒண்ணும் தோணல. பல்லுப் புடுங்கறதுக்கு ஊசி போடுவாங்கல்லீங்க, அப்பறம் ஒதட்டத் தொட்டா யாரோ ஒதட்டத் தொட்டாப்புல இருக்கும். அப்படித்தான் இருந்துச்சு. வெளில வந்தேன், வேலியோரம் ஒரு குதிரை நின்னுட்டு இருந்துச்சு, பின்னால மழை மேகம், அதும் மூஞ்சில மட்டும் வெயிலு. எடுத்தேன். அதானுங்க இது. பரிசு வாங்குன குதிரை. அதே நாளு, அதே டீக்கடை.

டீ சொல்லட்டுங்களா? வேண்டாங்களா, சரி.

ஊருக்கு வந்தப்ப பாப்பா பெங்களூர் போயிருச்சு. போன் பண்ணி, ஆவணில நாள் பாக்கறேன் கண்ணுன்னேன். பாத்தா ஆவணில ஒரு மொகூர்த்தம் பாக்கியில்ல. எல்லாத்துக்கும் வாக்குக் குடுத்திருக்கறேன். என்ன பண்ணச் சொல்றீங்க? என்ற பொண்ணுக்காக அடுத்தவங்க பொண்ண விட முடியுங்களா? நாளைக்கு உங்க பாப்பா மொகூர்த்தத்தன்னிக்கு, என்ற வீட்டுல விசேசம், வரலைன்னு நான் சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? ஐப்பசில பாக்கலாம் கண்ணுன்னு சொன்னேன். "வேண்டாம்ப்பா. ஆயிருச்சுல்ல" ன்னா. கோவமாச் சொல்லலீங்க. சாப்பிட்டாச்சான்னு கேட்டா ஆச்சுன்னு சொல்லுவமில்ல, அப்படித்தான் சொன்னா. நானும் விட்டுட்டேன்.

இந்தப் போட்டோவுல பாருங்க, இது பாப்பா. இது மாப்பிள்ளை. இது வசந்தாமணி. இந்தக் கண்ணாடிக்காரப் பையன் மாப்பிள்ளையோட கூட்டாளியோட பங்காளியோ என்னவோ, கையெழுத்தெல்லாம் ஆனதுக்கப்பறந்தான் வந்தானாம். சரி. பாப்பாவுக்குப் பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு ஒருத்தர் நிக்கறாரே, சட்டைப் பையில பேனா வெச்சுக்கிட்டு, இவரு யாருங்க? எனக்குத் தெரியலீங்க. என்ற பொண்ணு கல்யாணத்துல, அவ தோளோட தோளா, எனக்குத் தெரியாத ஒரு ஆளு. வசந்தாமணியக் கேட்டேன். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கறவராம். பேரு செல்லமுத்து. மூணு சாட்சி வேணுமாமுங்க. வசந்தாமணி ஒரு கையெழுத்து, மாப்பிள்ளை கூட்டாளி ஒரு கையெழுத்து. மூணாவது யாருன்னு ஆபீசர் கேட்டாராம். பாப்பா வாசப் பக்கம் பாத்துட்டு நின்னாளாம். அப்பறம் வசந்தாமணிதான் போய் அந்த ஜெராக்ஸ் கடைக்காரரக் கூப்பிட்டிருக்கறா. அவரு கடைய அப்படியே போட்டுட்டு வந்தவரு, பொண்ணு தலைல பூ இல்லைன்னு மறுபடி ஓடி ஒரு முழம் மல்லிகையும் வாங்கிட்டு வந்து குடுத்தாராம். பாருங்க, தலைல இருக்குதுல்ல, அந்தப் பூ.

இப்பவும் அந்தப் பக்கம் வண்டில போனா கைய நீட்டி நிறுத்திருவாரு. "பாப்பா நல்லா இருக்குதுங்களா?" ம்பாரு. நல்லா இருக்குதுங்கன்னுட்டு வந்துருவேன். அவருக்கு என்னங்க அக்கறை.

நான் ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தது என்னன்னா, இந்த ஆடிக் கூத்தப் பண்ணுனது மாப்பிள்ளைதான்னு. கிறிஸ்டியனுக, அவங்களுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது, கெடச்ச நாள்ல வெச்சிருப்பாங்கன்னு. கார்த்திகைல ஒருநாள் வந்தாரு, பாப்பாவோட ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போக. நல்ல பையனுங்க, குத்தம் சொல்ல முடியாது. நீங்க உக்காந்திருக்கறீங்களே, அங்கதான் உக்காந்திருந்தாரு. நான் சும்மா கேலியா, "என்ன மாப்ள, உங்களுக்கு வேற மாசமே கெடைக்கலியா" ன்னு கேட்டேன்.

அவரு முழிச்சாரு. "நான் எங்க மாமா வச்சேன்? மே மாசத்துலயே முடிச்சிரலாம்னுதான் நான் சொன்னேன். அவதான் கேக்கவே மாட்டேன்னுட்டா. ஊர்ல யார் வீட்லயும் கல்யாணம் இல்லாத மாசத்துல வச்சாத்தான் எங்க அப்பாவால என் கல்யாணத்துக்கு வர முடியும்னு சொன்னா. ரெண்டு மாசம் அதுக்காகத்தான் காத்துக் கெடந்தோம்" னாரு.

அன்னிக்கு ஹார்ட் டிஸ்க் வேற மக்கர் பண்ணீட்டு இருந்துச்சு, ஒரு கல்யாணம் பூரா உள்ள மாட்டிக்கிச்சு, நான் அதத்தான் பாத்துட்டு இருந்தேன். ஓஹோ, அப்படிங்களான்னேன். ஸ்கூட்டிக்குக் காத்து அடிச்சுட்டுப் போங்க மாப்ளன்னு சொன்னேன்.

அப்பறம் யோசிச்சுப் பாத்தா, இது அவ மேலதானுங்க தப்பு. எனக்காகத்தான் ஆடியில வெக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? எனக்கு எப்படித் தெரியும்? ஆடியிலன்னு மட்டும் சொன்னா சிரிக்கத்தான செய்வாங்க. வசந்தாமணிகிட்டயும் இதச் சொன்னேன். அவ அரிசி பொடைச்சுட்டு இருந்தா. "சொன்னா இருந்திருப்பீங்களா?" ன்னா. இருந்திருப்பேன்னேன். "இருந்திருந்தாலும் போட்டோ எடுத்துட்டுத்தான் இருந்திருப்பீங்க. சாட்சிக்கு அந்த ஜெராக்ஸ் கடைக்காரரத்தான் கூப்பிட்டிருக்கோணும்" னுட்டு மொறத்தத் தட்டுனா. சரி, பொம்பளைங்க ஆத்தாமைல பேசறதுதான்னு விட்டுட்டேன்.

போன மார்கழியில எங்கயும் போகலீங்க. ஏன்னு கேக்காதீங்க, போகல. கடைல சும்மா உக்காந்திருந்தேன். அப்பத்தான் இந்தப் போட்டோவ சரி பண்ணலாம்னு தோணுச்சு.

எங்க தொழில்ல ஒண்ணு உண்டுங்க. தவறிப்போனவங்கள ஆல்பத்துல கொண்டாந்து நிறுத்தறது. இப்ப உங்க ஐயன், பாப்பாவோட தாத்தா, போன வருசம் தவறிட்டாருன்னு சொன்னீங்கல்ல. பழைய போட்டோ ஒண்ணு குடுங்க போதும், பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, பாப்பாவுக்குப் பின்னால நிக்க வெச்சுருவேன். பாக்கறவங்க கண்ணுல தண்ணி வந்துரும். வெளிச்சம் மட்டும் ஒத்துப் போகோணும், அதான் சூட்சுமம். நெறையப் பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கறேன். அப்படி என்னைய நிறுத்திரலாம்னு பாத்தேன்.

என்ற போட்டோவத் தேடுனா ஒண்ணும் ஒத்துவரலீங்க. எல்லாத்துலயும் குளிருக்குப் போடற கோட்டு, தொப்பி, பின்னால மலை. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல தொப்பியோட நிக்க முடியுங்களா. கடைசியா ஒண்ணு மாட்டுச்சு. ஏதோ கல்யாணத்துல யாரோ என்னைய எடுத்தது, வேட்டி சட்டையில. கழுத்துல கேமரா, கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிக்கப் போறேன், அதுக்கு முந்தின நிமிசம். கேமராவ அழிச்சேன். அழிச்சா கை ரெண்டும் வெறுமன எதையோ புடிச்சாப்புல நிக்குதுங்க. கைய என்ன பண்ணியும் எறக்க முடியல. சரின்னு வசந்தாமணி தோளுக்குப் பின்னால மறைக்கலாம்னு பாத்தா, அங்க எடமே இல்ல. அது சின்ன ரூமு. நல்ல எடத்துல அந்த ஜெராக்ஸ் கடைக்காரரு நிக்கறாரு, பாப்பாவுக்குப் பக்கத்துல. அப்பன் நிக்கற எடம் அதானுங்க. அதனால அவர எடுத்துட்டேன். சுத்தமா எடுத்தேன், பேனா நெழலு கூட விடல. அந்த எடத்துல என்னைய வெச்சேன். ஜன்னல் வெளிச்சத்தக் கொறச்சேன், மூஞ்சியெல்லாம் தொலக்குனேன், வெட்டிப்போன பாதத்தக்கூட வரைஞ்சு சேத்தேன். என்ற வேலைலயே நல்ல வேலைன்னா அதத்தான் சொல்லுவேன். பாப்பாவுக்கு அனுப்புனேன்.

அனுப்புனதும் பாத்துட்டாளுங்க. பாத்ததுக்கு அடையாளம் வந்துருச்சு. அப்பறம் ஒரு வரி போட்டிருந்தா.

"அந்தண்ணன எதுக்குப்பா எடுத்தீங்க? அவர் வந்தாருல்ல."

அவ்வளவுதானுங்க.

தப்பு எங்க நடந்துச்சுன்னு நான் மறுபடியும் பெருசு பண்ணிப் பாத்தேன். வெளிச்சந்தானுங்க. ஜன்னல் வெளிச்சம் பின்னால இருந்து அவங்களுக்கு எடப்பக்கம் விழுகுது, எனக்கு வலப்பக்கம் விழுகுது. அங்கதான் மாட்டிக்கிட்டேன். அவளுக்குக் கண்ணு கூர்மைங்க, சின்னதுல இருந்து என்ற கூட உக்காந்து பாத்தவளாச்சே.

அன்னிக்கு மத்தியானம் சாப்பிடப் போனேன். வசந்தாமணி எலை போட்டிருந்தா, என்ன நாளுன்னு ஞாபகம் இல்ல, ஏதோ நல்ல நாளு. ரசம் ஊத்தட்டுங்களான்னு கேட்டிருக்கறா. நான் ஊத்துன்னும் சொல்லலையாம், வேண்டாம்னும் சொல்லலையாம். கரண்டியோட நின்னுட்டே இருந்தாளாம். என்ன ஆச்சு உங்களுக்குன்னு அவ சத்தம் போட்டப்பத்தான் எனக்கே கேட்டுச்சு. ஒண்ணும் ஆகலீங்க. வேற யோசனைல இருந்திருப்பேன்.

இந்த ஆடி அவளுக்குக் கல்யாணத்துக்கப்பறம் வர்ற மொத ஆடிங்க. தலையாடின்னு பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டீட்டு வந்து விருந்து வெக்கறதில்லீங்களா, நம்ம பக்கம். அதையாவது மொறையாப் பண்ணீரலாம்னு பங்குனிலயே முடிவு பண்ணீட்டேன். எங்க ஆளுக அஜர்பைஜான் போலாம்ணான்னு கூப்பிட்டானுக. நான் வரலை, இந்த ஆடி பூரா ஊர்லதான்னு சொல்லீட்டேன். நம்ப மாட்டேங்கறானுக. வசந்தாமணி மெத்தை ஒறையெல்லாம் தொவச்சுப் போட்டா. மாப்பிள்ளைக்கு மீன் புடிக்கும்னு பவானிசாகர்ல சொல்லி வெச்சேன். ஆனி கடைசில போன் பண்ணி, தலையாடிக்கு வாங்க கண்ணு, அப்பா இங்கதான் இருப்பேன், எங்கயும் போகலைன்னு சொன்னேன்.

"அவங்க வீட்ல ஆடியெல்லாம் பாக்கறதில்லப்பா" ன்னா.

பாக்காட்டி என்ன கண்ணு, நீ பாப்பயில்லன்னு கேட்டேன்.

"முன்னாடி பாத்துட்டு இருந்தேன்" னா. அப்பறம் மீட்டிங் இருக்குதுன்னு வெச்சுட்டா. அவளுக்கும் வேலை ஜாஸ்திங்க. பெங்களூர்ல சும்மா வெச்சுருக்க மாட்டாங்கல்ல.

அதானுங்க, கடையத் தொறந்து உக்காந்திருக்கறேன். காலைல தொறக்கறேன், ராத்திரி பூட்டறேன். வரலைன்னு சொன்னதுக்கப்பறம் போயி டிக்கெட்டுப் போட முடியுங்களா. அப்படி ஒண்ணும் கஷ்டமா இல்லீங்க. எப்படி இருக்குதுன்னு கேட்டீங்கன்னா, அந்தப் பல்லு ஊசி மரப்பு இன்னும் எறங்கலைன்னு வெச்சுக்குங்க.

சரி, உங்க தேதியச் சொல்லுங்க. ஆவணியா? ரெண்டாவது மொகூர்த்தமா, மூணாவதா? இருக்குதுங்க, அந்த ஒரு நாள் இருக்குது. வந்தர்றேன். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, என்ற வீட்ல எது நடந்தாலும் உங்க பாப்பா கல்யாணத்துக்கு நான் வந்துருவேன். இத்தன வருசத்துல ஒரு கல்யாணம் தவறுனதில்லீங்க எனக்கு. கடைசிப் பந்தில தூணு ஓரமா நீங்க உக்காந்துக்குங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.

உங்க போன் அடிக்குது பாருங்க. பட்டு எடுத்துட்டாங்களாட்டத் தெரியுது. பாப்பாவ ஒருநாள் கூட்டீட்டு வாங்க, எப்படி நிக்கோணும்னு சொல்லிக் குடுத்தர்றேன். நீங்களும் கூட வாங்க, அவங்கள மட்டும் தாட்டி விட்டுறாதீங்க. எப்ப வேண்ணாலும் வாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டு வரோணும்னு இல்லீங்க. ஆடி முடியற வரைக்கும் நான் ஃப்ரீதான்.